கசரத்து பொன்னுரங்கம்

பொன்னுரங்கம் பஸ்கி எடுக்கும்போது பேசிக்கொண்டே எடுப்பார். மற்றவர்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கும் இடத்தில்தான் அவருக்குப் பேச்சு சூடு பிடிக்கும். உட்காரும்போது பாதி, எழும்போது மீதி என்று வாக்கியங்கள் வந்து விழும். "ஒடம்புன்றது இன்னா நைனா?" என்று கேட்டுக்கொண்டே கீழே போவார். "கொழா பம்பு. அடிச்சிகினே இருந்தா தண்ணி வரும். வுட்டா துரு புட்ச்சிக்கும்" என்று மேலே வருவார். எதிரே நிற்பவன் பதில் சொல்வதற்குள் இன்னொரு முறை கீழே போயிருப்பார்.

இதெல்லாம் நடக்கும் இடம் ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பின்புறம், மரக்கிடங்கின் சுவரில் சாய்ந்தாற்போல் நிற்கும் ஓர் ஓலைக் கொட்டகை. உள்ளே ஒரு மல்யுத்தக் குழி. கோதா என்பார்கள். சுவரில் ஓர் அனுமார் படம். அதற்குப் பக்கத்திலேயே, கரி இறக்கும் முஸ்லிம் தொழிலாளிகள் கட்டி வைத்த ஒரு பச்சைத் துணி. குழியில் இருப்பது சாதாரண மண் அல்ல. செம்மண்ணைச் சலித்து, வேப்பெண்ணெயும் மஞ்சளும் மோரும் விட்டுப் பொன்னுரங்கமே மிதித்துப் பதமாக்கியது. வீட்டில் ஒரு செம்பு மோர் கேட்டால் இல்லை என்பார். மண்ணுக்கு ஒரு குடம் வாங்கி ஊற்றுவார். இதைப் பற்றி அவர் மனைவி மங்கம்மாவுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் அவள் பேச்சு இந்தக் கொட்டகை வரை வந்து எட்டியதில்லை.

ஆள் குட்டை. தலைக்கும் தோளுக்கும் நடுவே கழுத்து என்று ஒன்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிடி போட்டுப் போட்டு நசுங்கிய காதுகள். நகக்கண்ணிலும் கண்ணிமையிலும் எத்தனை தேய்த்தாலும் போகாத கரி. துறைமுகத்தில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்குவது தொழில். கூடையைத் தலையில் வாங்கிக்கொண்டு, கால் வைத்தால் துள்ளுகிற பலகை வழியாக இறங்கிவந்து கரையில் குவியலாகக் கொட்ட வேண்டும். நாற்பதைத் தாண்டியும் அந்தப் பலகையில் அவர் ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி நடப்பார்.

யாரையாவது பார்த்தால் மற்றவர்கள் கும்பிடுவார்கள். இவர் புஜத்தைப் பிடித்து அழுத்திப் பார்ப்பார். இழவு வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். அப்பனைப் பறிகொடுத்து அழுதுகொண்டிருக்கும் பிள்ளையின் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, "இன்னாடா இப்டி கொழகொழன்னு கீற?" என்று வருத்தப்படுவார். வயிற்று வலிக்குப் பஸ்கி, தலைவலிக்குத் தண்டால், மனசு சரியில்லை என்றால் கர்லாக்கட்டை. இதைத் தவிர வேறு வைத்தியம் அவருக்குத் தெரியாது. மங்கம்மா சொல்வாள்: "என் வூட்டுக்காரருகிட்ட காச்சல்னு சொல்லிப் பாரு. அந்தக் காச்சலையே குனிஞ்சு தண்டால் எடுக்கச் சொல்லுவாரு."

சிரிக்கலாம். ஆனால் அவர் சொல்வது பொய்யில்லை என்பதற்குச் சாட்சியாக வேலப்பன் இருந்தான்.

வேலப்பன் மங்கம்மாவின் தம்பி. அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். பொன்னுரங்கத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். இருவரும் ஒரே கரிக்கப்பலில் ஒரே கூட்டத்தில் கூடை தூக்குகிறவர்கள். ஒரு காலத்தில் அவனைப் பார்த்தால் இவனா கூடை தூக்குகிறான், கூடைதான் இவனைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று தோன்றும். எலும்பை எண்ணிவிடலாம் போன்ற மார்பு. கரித்தூள் இறங்கிய இருமல். மதுவிலக்கு வந்த பிறகு குடிசைக்குப் பின்னால் காய்ச்சியதை வாங்கிக் குடித்து வயிறும் கெட்டிருந்தது. பலகையில் பாதி வழியில் நின்று இருமுவான்; பின்னால் வருகிறவர்கள் கூடையோடு நின்று திட்டுவார்கள்.

இவனைப் பொன்னுரங்கம் விடியற்காலையில் பாயோடு இழுத்துக்கொண்டு கோதாவுக்குப் போனார். வேலப்பனுக்குக் கசரத்து என்றால் வேப்பங்காய். காசிமேட்டில் கரையேற்றிய படகுகளுக்குள் படுத்து ஒளிந்துகொள்வான். அங்கேயும் போய்த் தேடிப் பிடிப்பார். "மாமா, என்னை வுட்டுடு, நான் இப்டியே செத்துப்போறேன்" என்று அவன் கெஞ்சுவான். "செத்துப்போ. ஆனா பஸ்கி எட்த்துட்டு சாவு" என்பார் இவர். வேலப்பனின் மனைவி கன்னியம்மா வாசலில் நின்று இருவரையும் பார்த்துச் சிரிப்பாள்.

ஒரு மழைக்காலம் போய் இன்னொரு மழைக்காலம் வந்தபோது வேலப்பனின் இருமல் நின்றிருந்தது. பசி எடுத்தது. இரவில் தூங்கினான். குடியை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. விடியலில் எழ வேண்டுமே என்ற பயத்தில் அதுவே குறைந்து, பிறகு விட்டே போயிற்று. பலகையில் இப்போது அவன் நிற்பதில்லை. ஒருநாள் கன்னியம்மா ஒரு தட்டு நிறைய வறுத்த வஞ்சிரத்தைக் கொண்டுவந்து பொன்னுரங்கத்தின் முன்னால் வைத்துவிட்டு அழுதாள். "இதுக்குப் போய் அழுவாங்களா?" என்று அவளை அதட்டிவிட்டுப் பொன்னுரங்கம் மீன் முழுவதையும் தானே தின்று தீர்த்தார். வேலப்பனின் உடம்பைப் பார்க்கும்போதெல்லாம் தன் கையால் கட்டிய வீட்டைப் பார்ப்பதுபோல் அவருக்கு ஒரு நிறைவு.

இந்த இடத்தில் துறைமுகத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள் காலையில் கேட்டுக்கு வெளியே வரிசையாக நிற்பார்கள். மேஸ்திரி ஷாகுல் ஹமீது வரிசையோடு நடந்து வருவார். முகத்தைப் பார்க்க மாட்டார். புஜத்தைப் பிடித்து ஓர் அழுத்து. கல் மாதிரி இருந்தால் உள்ளே போகலாம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அதனால் கோதா ஆட்கள் ஒரு உபாயம் வைத்திருந்தார்கள். கேட்டுக்குப் போவதற்கு முன்னால் மதிலோரத்தில் ஒதுங்கி மளமளவென்று தண்டால் எடுப்பார்கள். கையும் மார்பும் ரத்தம் கட்டிப் புடைத்துக்கொள்ளும். அந்தப் புடைப்பு வடிவதற்குள் வரிசையில் போய் நின்றுவிட வேண்டும். இதற்கு 'ரத்தம் ஏத்துறது' என்று பெயர். ஷாகுல் ஹமீதுக்கும் இது தெரியாமல் இல்லை. ரத்தம் ஏற்றிக்கொள்ளத் தெம்பிருப்பவன் கூடையும் தூக்குவான் என்பது அவருடைய கணக்கு.

அப்புறம் புதுச் சட்டம் வந்தது. இனிமேல் கேட்டில் ஆள் பொறுக்குவது கிடையாது. உடம்புச் சோதனையில் தேறியவர்களுக்கு மட்டும் பித்தளை வில்லை கொடுப்பார்கள். வில்லை வாங்கியவன் நிரந்தரத் தொழிலாளி. கப்பல் வராத நாளிலும் அவன் வீட்டில் அடுப்பு எரியும். வில்லை இல்லாதவன் கேட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. வில்லை கொடுக்கலாமா என்று முடிவு செய்ய மேலிடத்திலிருந்து ஒரு டாக்டர் வந்து ஒவ்வொருவராகச் சோதிப்பார் என்றார்கள்.

பொன்னுரங்கத்துக்கு இதைவிட நல்ல சேதி இருக்க முடியுமா? உடம்பைப் பார்த்து வேலை தரப்போகிறார்கள். அவர் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்ததைச் சர்க்காரே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிட்டது. கொட்டகையில் அவர் பேச்சைத் தாங்க முடியவில்லை. மேஸ்திரிக்கே ரத்தம் ஏற்றிக்கொண்டு போகிறோம், டாக்டருக்கு ஏற்றாமல் போவதா என்று அவர் கேட்டபோது யாருக்கும் அது தவறாகப் படவில்லை. அழுத்திப் பார்ப்பதைத் தவிர ஓர் உடம்பை வேறு எப்படிப் பார்ப்பார்கள்?

வேலப்பன் மட்டும்தான் தயங்கினான். அன்று காலை அவனுக்கு எழுந்திருக்கவே மனமில்லை. "மாமா, ஒடம்பு நல்லாத்தான் கீது. இன்னிக்கி ஒரு நாள் சும்மா போவலாம்" என்றான். மங்கம்மாகூட, தண்டாலுக்கு வரவில்லை என்றால் விட்டுவிடேன் என்றாள். பொன்னுரங்கம் கேட்கவில்லை. மதிலோரத்து மணலில் அவனை நிறுத்தி, தான் எடுத்த தண்டாலையெல்லாம் அவனையும் எடுக்க வைத்து, அதன் மேல் பஸ்கியும் எடுக்க வைத்தார். அவன் கண் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்து நின்றபோது புஜத்தை அழுத்திப் பார்த்துத் திருப்தியாக ஒரு தட்டுத் தட்டினார். ஒரு துண்டால் அவன் வியர்வையைத் தானே துடைத்துவிட்டார். போகும்போது ஒரு புத்திமதியும் சொன்னார்: "இன்னா கேட்டாலும் இல்லைன்னு சொல்லு. இருமல் உண்டா, இல்லை. வலி உண்டா, இல்லை. களைப்பா, இல்லவே இல்லை."

கேட்டருகே இருந்த தகரக் கொட்டகைக்குள் ஒரு துணித் திரை. அதற்கு உள்ளே டாக்டர். பொன்னுரங்கம்தான் முதலில் போனார். புடைத்த கையை மடக்கி நீட்டினார். டாக்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு குழாயை மார்பில் வைத்துக் கேட்டார். கையில் ஒரு துணியைச் சுற்றி ரப்பர்ப் பந்தை அமுக்கினார். மூலையில் போய்ச் சிறுநீரைப் பிடித்துவரச் சொன்னபோது பயில்வானுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லாம் முடிந்து டாக்டர் நிமிர்ந்து, "நல்ல நெஞ்சு" என்றார். வருஷக்கணக்கில் பழகிய அந்த நெஞ்சு, மணலிலிருந்து கொட்டகைக்கு வருவதற்குள்ளேயே அடங்கிப் படுத்திருந்தது.

வேலப்பனுடையது அப்படிப் பழகிய நெஞ்சு அல்ல. பொன்னுரங்கம் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வெகுநேரம் சத்தமில்லை. பிறகு டாக்டர், "ஓடி வந்தியா? கனமான வேலை ஏதாவது செஞ்சிட்டு வந்தியா? உண்மையைச் சொல்லு" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிதானமாகத்தான் கேட்டார்.

"இல்ல சார்" என்றான் வேலப்பன். "காலைலேந்து கம்முனு குந்திகினு கீறேன்."

சரியான பதில் என்று திரைக்கு வெளியே பொன்னுரங்கம் தலையாட்டிக்கொண்டார்.

டாக்டர் அவனைச் சற்று நேரம் உட்காரவைத்து மறுபடியும் குழாயை வைத்தார். அதற்குள் வேலப்பனுக்குப் பயம் பிடித்துவிட்டது. ரத்தம் ஏற்றியதில் அடித்துக்கொண்ட நெஞ்சு, இப்போது பயத்தில் அடித்துக்கொண்டது. சும்மா உட்கார்ந்திருந்தவனின் நெஞ்சு இப்படி ஓடினால் எந்த டாக்டரும் ஒன்றைத்தான் நினைப்பார். அன்று மாலை குமாஸ்தா கேட்டருகே நின்று பெயர் வாசித்தார். பொன்னுரங்கத்துக்கு வில்லை. வேலப்பனுக்கு இல்லை, இருதயம் பலவீனம், பளு தூக்கக் கூடாது.

மறுநாள் டாக்டரின் மோட்டார் வரும் வழியில் போய்ப் பொன்னுரங்கம் நின்றார். டாக்டர் இறங்கி வந்து, அவர் சொன்னது முழுவதையும் கேட்டார். அந்த மனிதரைக் குறை சொல்வதற்கில்லை. தான்தான் ரத்தம் ஏற்றிவிட்டதாகவும், இல்லை என்று சொல்லச் சொன்னதும் தான்தான் என்றும் பொன்னுரங்கம் சொன்னபோது டாக்டர் முகத்தில் ஒரு சோர்வு வந்தது. தேறாத ஒவ்வொருவனுக்காகவும் யாராவது ஒருவர் வந்து இப்படி ஏதாவது ஒரு கதை சொல்வதாகவும், இவனை நம்பிச் சேர்த்து நாளைக்கு இவன் கூடையோடு பலகையிலிருந்து விழுந்தால் தானே பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். பொன்னுரங்கம் கழுத்திலிருந்த வில்லையைக் கழற்றி நீட்டினார்.

"இத்த அவனுக்குக் குடுத்துடு சாமி. நான் வெளிய நின்னுக்கிறேன்."

"ஒருத்தர் நெஞ்சை எடுத்து இன்னொருத்தருக்கு வைக்க முடியாதப்பா" என்றார் டாக்டர். அடுத்த முறை ஆள் சேர்க்கும்போது வரச் சொன்னார். அது எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை.

பொன்னுரங்கம் ஷாகுல் ஹமீதிடம் போனார். அவருக்கு இப்போது கேட்டில் வேலையே இல்லை. ஆளைப் பொறுக்குவது வில்லையின் வேலை ஆகிவிட்டது. "வேலப்பன் கோதாவுக்கு வந்தப்புறம் என் கையி அவன வெளிய நிறுத்தினதில்ல பயில்வான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை போனதோடு நின்றிருந்தால் பொன்னுரங்கம் எப்படியாவது சமாளித்திருப்பார். மரக்கிடங்கிலோ மீன் ஏலத்திலோ வேலப்பனை ஒட்டவைத்திருப்பார். அப்படிச் செய்ய முடியாமல் போனதற்குக் காரணம், வேலப்பன் டாக்டர் சொன்னதை நம்பிவிட்டான். நெஞ்சில் நோய் இருக்கிறது என்று அவனுக்குள் ஒன்று ஆணி அடித்ததுபோல் இறங்கிவிட்டது. வேகமாக நடப்பதை நிறுத்தினான். தண்ணீர்க் குடத்தைத் தொட மறுத்தான். கோதாவின் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. எந்நேரமும் ஒரு கையை மார்பில் வைத்துக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பவன்போல் உட்கார்ந்திருந்தான்.

பொன்னுரங்கம் போய்க் கெஞ்சினார். அதட்டினார். அவனுக்கு ஒன்றுமில்லை, தான் செய்த முட்டாள்தனம்தான் எல்லாம் என்று அவன் காலைத் தொடாத குறையாகச் சொன்னார். வேலப்பன் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"அவுரு கொழா வச்சிக் கேட்டாரு மாமா. நீ கையத்தான் அமுக்கிப் பாத்த" என்றான்.

 ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பதில் வைத்திருந்த மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

சும்மா கிடந்த உடம்பு என்ன ஆகும் என்று பொன்னுரங்கம் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். அது அவர் சொன்னபடியே வரி பிசகாமல் நடந்தது. முதலில் பசி போயிற்று. பிறகு தூக்கம். புஜத்தின் சதை தளர்ந்தது. விடியலில் எழ வேண்டிய அவசியம் இல்லாததால் குடி திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே இருமலும் வந்தது. கன்னியம்மா மீன்கூடை தூக்கப் போனாள். வழியில் பொன்னுரங்கத்தைப் பார்த்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கிப் போகிறாள்.

மங்கம்மா சண்டை போடுவதில்லை. அவருக்குச் சோறு போடுகிறாள். போட்டுவிட்டு எதிரே உட்காராமல் எழுந்து போய்விடுகிறாள். ஒரே ஒரு முறை, தட்டை எடுக்கும்போது, "அன்னிக்கி அவன் வரலைன்னுதான சொன்னான்" என்றாள்.  அந்த ஒரு வார்த்தை அவர் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தலையில் எத்தனை கூடை சுமந்தவர். இதை இறக்கி வைக்க அவருக்கு ஒரு கரை அகப்படவில்லை.

கோதாவுக்கு இன்னும் போகிறார். போகாமல் இருக்க உடம்பு விடாது. மண்ணுக்கு மோர் ஊற்றுவதை மறந்துவிடுகிறார். குழி அங்கங்கே வெடித்துக் கிடக்கிறது. புதிதாக யாராவது வந்து எப்படி எடுப்பது என்று கேட்டால், கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "டாக்டருகிட்ட கேட்டுட்டு வா" என்கிறார். அவர் கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிலர் சிரிக்கிறார்கள். அவர் கேலி செய்யவில்லை.

வேலை முடிந்து கேட்டைத் தாண்டியதும் எல்லோரும் வீட்டுப் பக்கம் திரும்பும்போது பொன்னுரங்கம் காசிமேட்டுப் பக்கம் திரும்புகிறார். படகு நிழலில் வேலப்பன் மல்லாந்து படுத்திருப்பான். சற்றுத் தள்ளி உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டு எழுந்து போவது இவர் வழக்கம். 

போன வாரம் ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தவர் எழவில்லை. மண்டியிட்டு நகர்ந்து வந்தார். குளிக்காத உடம்பு, முகமெல்லாம் கரி. குனிந்து, நசுங்கிப்போன அந்தக் காதை வேலப்பனின் மார்பில் வைத்தார். வேலப்பன் கண்ணைத் திறந்தான். அசையவில்லை.

"இன்னா சொல்லுது மாமா?" என்று கேட்டான்.

உள்ளே அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது நன்றாக அடிக்கிறதா, கெட்டு அடிக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு நெஞ்சு எப்படி அடிக்க வேண்டும் என்று அதுவரை அவர் கேட்டுப் பார்த்ததில்லை. காதை எடுக்காமலே, மெதுவாகத் தன் வலது கையைக் கொண்டுபோய்த் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.